கேட்காமல் எடுத்த நாற்பது வினாடி

பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். அப்போதுதான் இது தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் என் நினைவாற்றல் அன்று. எங்கள் நாடகக் குழுவின் ஒளியமைப்பாளர் ஒவ்வொரு விளக்கு மாற்றத்தையும் நேரத்துடன் குறித்து வைப்பவர். பதினேழாவது மாற்றம் ஆறு இருபதுக்கு நிகழ்ந்தது. அந்த வேளையில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

மேடையில் நிற்பவருக்குப் பார்வையாளர் முகங்கள் தெரியா என்பார்கள். பெரிய அரங்குகளுக்கு அது பொருந்தலாம். இத்தாலியின் பலேர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னால், பழைய தச்சுப்பட்டறையொன்றைத் திருத்தி நாங்கள் நடத்தும் அரங்கில் அறுபது நாற்காலிகள்தாம். மூன்றாம் வரிசையில் யாராவது இருமல் மிட்டாயின் தாளைப் பிரித்தால் அது என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியும்.

எழுந்தவர் கைப்பையைத் தோளில் மாட்டினார். பக்கத்தில் இருந்தவர்களின் முழங்கால்களில் இடிபடாமல், தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டபடி நகர்ந்தார். கதவைத் திறந்து வெளியே போனபின், அது அடித்துச் சாத்திக்கொள்ளாதபடி கையால் பிடித்து மெதுவாக விட்டார்.

நாடகம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் நடித்து முடித்தேன்.

இரண்டு வேலைகள்

இத்தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயிலும் மாணவி என்பதும் நடிகை என்பதும் தெரியும். என் இன்னொரு வேலையைப் பற்றி இதுவரை எழுதவில்லை. மனிதநேயச் சடங்குகளை நடத்துவது அது. கடவுளின் பெயரைச் சொல்லாமல் திருமணம் செய்துகொள்ள, குழந்தைக்குப் பெயர் வைக்க, இறந்தவரை வழியனுப்ப விரும்புகிறவர்கள் என்னைப் போன்றவர்களை அழைப்பார்கள். ஓராண்டு பயிற்சி உண்டு, சான்றிதழும் உண்டு.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. கடைசியில் அவர் தொகுத்துச் சொன்னார்: "ஐயரும் இல்லை, பாதரும் இல்லை. அப்ப நீ ஆர்? மைக் பிடிக்கிற ஆளோ?"

முழுத் தவறென்று சொல்ல முடியாது. மேடையில் கற்ற மூச்சுப் பயிற்சி சடங்கில் உதவுகிறது. துறைமுகத்தை நோக்கிய மாடியொன்றில் நடந்த திருமணத்தில், மணப்பெண் சம்மதம் சொல்ல வாயெடுத்த நேரத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பல் ஊதியது. கப்பல் முடிக்கும்வரை காத்திருந்து, அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டேன். சிரிப்புக்கு இடம்விட்டுப் பழகிய நடிகைக்கு அது எளிது.

உதவுவது இடைஞ்சலாகவும் மாறும். என் முதல் பெயர்சூட்டு விழா சீசா என்ற பகுதியில் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் நடந்தது. பெயரை அறிவிக்கும் முன் நாடகத்தில் விடுவதுபோல ஓர் இடைவெளி விட்டேன். அழகான இடைவெளி என்று எனக்குத் தோன்றியது. நான் பெயரை மறந்துவிட்டேன் என்று நினைத்த குழந்தையின் பாட்டனார், பின்வரிசையிலிருந்து வாயருகே கைகளைக் குவித்து எனக்கு அதை உரக்க எடுத்துக் கொடுத்தார். குழந்தையின் பெயரை உலகுக்கு அறிவித்தவர் அவர்தான்.

எங்களைப் பயிற்றுவித்தவர் எனக்கென்று தனியாக ஓர் அறிவுரை வைத்திருந்தார். மேடையில் நீ அழலாம், சடங்கில் அழக்கூடாது. அங்கே அழும் உரிமை குடும்பத்துக்கு உரியது என்றார். குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். எதிர்த்திசையில் ஒரு பிழை நேரலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்று பேர் இருந்த அறை

எழுந்து போனவரை இங்கே றோசலின் அக்கா என்கிறேன். அது அவருடைய பெயரன்று. இதை எழுதலாமா என்று அம்மா மூலம் கேட்டனுப்பினேன். பதிலும் அம்மா மூலமே வந்தது: "பேரை மாத்தட்டாம். அந்த விசயத்தை எழுத வேண்டாமாம். மற்றது உன்ரை விருப்பமாம்."

அவர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர். அவருடைய கணவர் செல்வம் அண்ணை துறைமுகத்தில், கப்பல்களின் பயணிகள் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஆனால் இருபது வயதுக்குப் பிறகு கோயிலுக்குள் போகவில்லை. மனைவியை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, எதிரே உள்ள கடையில் கோப்பி குடித்தபடி காத்திருப்பார். பூசை நீண்டால் இரண்டாவது கோப்பி.

நோய் முற்றியபோது அவர் சொன்னது இது: பூசை வேண்டாம், ஆனால் சும்மா தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், ஆராவது நாலு சொல்லுச் சொல்ல வேணும்.

சென்ற ஆண்டு மார்ச்சில் அவர் இறந்தார். றோசலின் அக்கா என்னை அழைத்தார். இந்நகரத்தில் தமிழில் அதைச் செய்ய நான் ஒருத்திதான் இருந்தேன்.

சடங்குக்கு முன் குடும்பத்தினரோடு இரண்டு மணி நேரம் இருந்து கேள்விகள் கேட்பது எங்கள் வழக்கம். எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபிப்பார், சட்டைப்பையில் எப்போதும் என்ன இருக்கும். எழுதிய உரையைக் குடும்பம் வாசித்து, வேண்டாததை வெட்டும். இங்கே கேட்டது இங்கேயே நிற்கும் என்று தொடக்கத்திலேயே வாக்குக் கொடுப்போம். றோசலின் அக்காவுக்கும் கொடுத்தேன்.

சடங்கன்று, பெட்டியை மூடுவதற்கு முன், வைத்தியசாலையின் சவ அறையில் மூன்று பேர் இருந்தோம்: அவர், நான், பெட்டியை மூட வந்த பணியாளர். அப்போது றோசலின் அக்கா தன் கணவருக்கு ஒரு சிறிய வேலை செய்தார். இரண்டு கைகளாலும் செய்த வேலை. நாற்பது வினாடி எடுத்திருக்கும். வீட்டில் தினமும் செய்திருப்பார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பணியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். நான் சுவரைப் பார்க்கவில்லை.

அது என்ன வேலை என்பதைத்தான் நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதன்பின் வெளியே வந்து, முப்பது பேர் முன்னிலையில் உரையை வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. றோசலின் அக்காவும் அழவில்லை. ஊர்ச்சனம் அதைக் கவனித்தது. பாதரும் இல்லை, கண்ணீரும் இல்லை என்று கதை பரவியது. கோயில் பாட்டுக்குழுப் பெண்கள் சில மாதம் அவரோடு கதைக்காமல் இருந்தார்கள். அவர் கோயிலில் அதே வாங்கில் அதே இடத்தில் இருந்து பூசை கண்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

கைகளுக்கு வேலை

இவ்வாண்டு ஜனவரியில் புதிய நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியது. கடலில் இறந்த மாலுமியொருவரின் மனைவி என் பாத்திரம். கணவனின் உடலோடு அவள் தனித்திருக்கும் காட்சி ஒன்று உண்டு, வசனம் கிடையாது.

எங்கள் இயக்குநர் லூச்சியா அந்தக் காட்சியை ஏழு தடவை பார்த்தார். எட்டாவது தடவைக்கு முன், உன் முகம் நிறைய வேலை செய்கிறது, உன் கைகள் மட்டும் வேலையில்லாமல் நிற்கின்றன என்றார்.

எட்டாவது தடவை என் கைகள் றோசலின் அக்காவின் வேலையைச் செய்தன.

கைகள் தாமாகச் செய்தன என்று எழுதுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது. உண்மை அதுவன்று. செய்யத் தொடங்கி மூன்று வினாடிக்குள், இது யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. லூச்சியா மெல்ல எழுந்து நின்று, இது இருக்கட்டும் என்றார். ஒளியமைப்பாளர் தன் பதினேழாவது மாற்றத்தை அந்த அசைவோடு கட்டினார்: என் கைகள் உயரும்போது விளக்கு மங்கத் தொடங்கும். எனக்குக் கண்ணீர் வந்தது. அதுவும் இருக்கட்டும் என்றார் லூச்சியா.

உற்றுநோக்குவதுதானே நடிப்புத் தொழில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேருந்தில் பார்த்தவரின் நடையை எடுப்பதில்லையா, சந்தையில் கேட்ட குரலை எடுப்பதில்லையா? ஆனால் பேருந்தில் வந்தவருக்கு நான் வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை ஒத்திகை முடியும்வரை நான் நெருங்கிப் பார்க்கவில்லை.

நாடகம் அரங்கேறிய முதல் வாரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையொன்று அந்தக் காட்சியைக் குறிப்பிட்டுப் பாராட்டியது. அம்மாவுக்கு இத்தாலியம் வாசிப்பது சிரமம். ஆனாலும் அதைக் கத்தரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தமிழ்க்கடையில் நின்று, வந்த பெண்களையெல்லாம் நாடகத்துக்கு அழைத்தார். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆறு பேர் யார் யார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, நாடகம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில், திரையின் இடைவெளியால் பார்த்தேன். அம்மாவுக்கு அருகில் றோசலின் அக்கா இருந்தார். நல்ல சேலை, மேலே குளிருக்கு நீலக் கம்பளிச் சட்டை.

அந்தக் காட்சிக்கு ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. விட்டுவிட நேரம் இருந்தது. கைகள் உயராவிட்டால் விளக்கு மங்காது, விளக்கு மங்காவிட்டால் அடுத்த நடிகர் இருட்டில் நுழைய முடியாது என்று கணக்கிட்டேன். ஒளியமைப்பாளரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வேறு வழி பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. இவ்வளவுக்கும் பிறகு, அன்று அதை நான் வழக்கத்தைவிட நன்றாகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முகம் கழுவியபின்

நாடகம் முடிந்ததும், றோசலினுக்குத் தலையிடியாம், பாதியிலை எழும்பிப் போட்டா என்றார் அம்மா. நான் சீசாவில் உள்ள அவர் வீட்டுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்ப முடியாது. நடந்தால் இருபது நிமிடம்.

நான்காம் மாடி. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகத்தைக் கழுவிப்போட்டு வாரும்," என்றார். "அந்தப் பூச்சோடை என்னோடை கதைக்க வேண்டாம்."

கழுவினேன். தந்த துவாயில் மை படிந்தது. அவர் அதைக் கண்டார். சமையலறை மேசையில் பத்திரிகைத் தாளை விரித்துப் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததற்காக அதை நிறுத்தவில்லை.

தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினேன். பொய் என்பதால் பாதியில் நிறுத்தி, தெரிந்துதான் செய்தேன் என்றேன்.

"அது தெரியும். தெரியாமல் செய்யிற ஆள் அதுக்குப் பிறகு என்ரை முகத்தைப் பாக்காது. நீர் பாத்தனீர்."

மேடையில் நின்று நான் பார்த்திருந்தேன். அது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஒண்டு கேக்கிறன், பிள்ளை. ஏன் அழுதனீர்?"

அந்தப் பாத்திரம் அழுகிறது என்றேன்.

"நான் அழேல்லை. நான் அழேல்லை எண்டுதான் சனம் மாசக் கணக்கிலை கதைச்சது. கல்லு மனம் எண்டவை. அந்த அறைக்குள்ளை நான் என்ன செய்தனான் எண்டு எனக்குத் தெரியும். அது காணும் எனக்கு. நீர் அதை எடுத்து, அதோடை அழுகையையும் சேர்த்து, அவ்வளவு பேருக்கும் காட்டினீர். கை தட்டினவையோ?"

"ஓம்."

"ம்," என்றார். இன்னொரு போஞ்சியை எடுத்தார்.

வருகிற மாதம் செல்வம் அண்ணையின் ஓராண்டு நினைவு. அதை நான் நடத்துவதாக நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே பேசியிருந்தோம். அவர் அந்தப் பேச்சை எடுத்தபோது என்ன வரப்போகிறது என்று விளங்கிவிட்டது.

"உமக்கெண்டு சொல்லி வைச்சிருந்தன். இப்ப கோயிலிலை பூசை ஒப்புக்குடுக்கப் போறன். பாதர் என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டார். கேளாத ஆள் ஒண்டையும் எடுத்துக்கொண்டு போகாது."

அண்ணை பூசை வேண்டாம் என்றாரே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அதை எனக்கு நீர் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்தாளின்ரை சொல்லுக்காக ஒரு வருசம் சனத்தின்ரை வாயிலை விழுந்து கிடந்தனான்." பிறகு, குரலில் வேறு ஒரு தொனி வந்தது: "பாட்டுக்காரப் பெண்டுகளுக்குச் சந்தோசமாயிருக்கும். புட்டும் அவிச்சுக்கொண்டு வருவினம்."

இருவரும் சிரிக்கவில்லை; ஆனால் சிரித்திருக்கக்கூடிய ஓர் இடைவெளி அங்கே இருந்தது. நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போனால் நான் மட்டும் தப்பித்துக்கொள்வேன். செல்வம் அண்ணை கேட்ட நாலு சொல்லு, என்னுடைய நாற்பது வினாடிக்காக இல்லாமல் போய்விடும்.

நான் நடத்தவில்லை, நீங்களே கதையுங்கள் என்றேன். சடங்கு எந்த ஒழுங்கில் போகும் என்பதை மட்டும் சொல்லித் தருகிறேன். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். அன்றைக்கு வரவும் மாட்டேன்.

"எனக்கு முன்னாலை நிண்டு கதைக்க வராது. விசாப் பேர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போனால், என்ரை பேரைச் சொல்லவே குரல் வராது. அந்தாள்தான் பக்கத்திலை நிண்டு சொல்லுறது."

"குரல் வரப் பண்ணுறது என்ரை மற்ற வேலை, அக்கா."

அவர் முதல் தடவையாகக் கைகளை நிறுத்தினார். நாளை காலை எட்டு மணிக்கு அரங்கில் யாரும் இருக்க மாட்டார்கள், கதவுத் திறப்பு என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் போஞ்சி நார்களைத் தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டார்.

"பாப்பம்," என்றார். என்னோடு கதவுவரை வந்தார்.

திங்கட்கிழமை

காலை ஏழு மணிக்கு லூச்சியாவை அழைத்தேன். பதினேழாவது மாற்றத்தில் நான் செய்வதை இனிச் செய்ய மாட்டேன் என்றேன். ஏன் என்றார். சொல்ல முடியாது என்றேன். காரணத்தைச் சொல்வது அதே பிழையை இன்னொரு தடவை செய்வதாகும். பத்திரிகை பாராட்டிய இடம் அது என்றார். தெரியும் என்றேன். மறுபடியும் கைகள் சும்மா நிற்கும் என்றார். நிற்கட்டும் என்றேன். வியாழக்கிழமை பேசுவோம் என்று வைத்துவிட்டார். அந்தப் பாத்திரம் என்னிடமே இருக்குமா என்பது அப்போது தெரியவில்லை.

எட்டு மணிக்கு அரங்கைத் திறந்தேன். வெளியே சந்தைக்காரர்கள் மரக்கறிப் பெட்டிகளைக் கல்லுத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு ஐந்து. எட்டுப் பத்து. நாற்காலிகள் நேராகத்தான் இருந்தன. நான் அவற்றை மறுபடியும் நேராக்கினேன்.

எட்டுக் காலுக்கு றோசலின் அக்கா வந்தார், வேலைக்குக் கொண்டுபோகும் பையோடு. பத்து மணிக்கு, தான் பராமரிக்கும் முதிய சிஞ்ஞோராவின் வீட்டில் நிற்க வேண்டும், அந்த மனுசிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார்.

மேடையில் ஏற மறுத்தார். அது நடிக்கிற ஆட்களுக்கு என்றார். கீழே, மேடைக்கு முன்னால் நின்றார். பாதங்களைக் கொஞ்சம் அகட்டச் சொன்னேன். மூச்சை வயிற்றுக்குள் இழுக்கச் சொன்னேன். முன்னால் இருப்பவரைப் பார்க்க வேண்டாம், கடைசியில் இருப்பவருக்குச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் இருந்தேன்.

அவர் வாயசைத்தார். ஒன்றும் வந்து சேரவில்லை.

"கேக்கேல்லை, அக்கா."

"சத்தம் போட்டா சொல்லுறது?"

"சத்தம் இல்லை. மூச்சு."

இரண்டாவது தடவை பாதி வந்தது. மூன்றாவது தடவைக்கு முன் பையைத் தரையில் வைத்தார். கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார். கடைசி வரிசையை, என்னை, நேராகப் பார்த்தார்.

"என்ரை மனுசன் சாமி இல்லை எண்டவர். நான் இருக்கு எண்டனான். இருவத்தாறு வருசத்திலை அதுக்காக ஒரு நாளும் எங்களுக்குச் சண்டை வரேல்லை. பருப்புக்கு உப்புக் காணாது எண்டுதான் வந்தது."

வாசலில் பெட்டி இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். றோசலின் அக்கா அவரையும் பார்த்தார், நிறுத்தவில்லை. அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுத்தார்.

நான் கையைத் தூக்கி, கேட்கிறது என்று காட்டினேன்.